இட்லி மாவுக் கணக்கு: தொண்டுக்குப் புறப்படத் தயாராவது எப்படி?

இட்லி வேகப் பத்து நிமிடம் போதும். ஆனால் முந்தின நாள் அரிசியை ஊறப்போடாத வீட்டில் அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓராண்டு, இரண்டாண்டு என்று வெளிநாட்டுக்குத் தொண்டுப் பணிக்குப் போகிறவரின் கணக்கும் இதுதான். பெட்டி கட்ட ஒரு நாள் ஆகும். அந்த நாள் ஒழுங்காக அமைய ஆறு மாதம் முன்பே வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

ஐ.நா. தொண்டர்கள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1970ல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். தமிழ்நாட்டுச் செவிலியர் ஒருவர் இதன் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே சம்பளம் கிடையாது. மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்குப் படி தருவார்கள். தேர்வான செய்தி வந்தபின் சில வாரங்களே கையில் இருக்கலாம். அதனால்தான் செய்தி வருமுன்பே ஊறப்போட வேண்டியவை சில உண்டு.

ஊறவைத்தல்: உடம்பும் காகிதமும்

அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் போடுவதில்லை. அரிசிக்கு நாலைந்து மணி நேரம். உளுந்துக்கு அவ்வளவு வேண்டாம். இங்கேயும் இரண்டு பாத்திரம்.

முதலில் உடம்பு. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. சிறுவயதில் போடாதவருக்கு இதுதான் நெடுநேரம் ஊறவேண்டிய அரிசி. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு ஒரே தவணை. ஆனால் போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தில் தேதி, மருந்தின் தொகுதி எண், கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். அந்நோய் உள்ள நாட்டிலிருந்து இது இல்லாமல் வந்து இறங்கினால், இந்தியாவிலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. தட்டம்மை ஊசி போன்ற அதே வகை ஊசி வேறு ஏதும் வேண்டுமென்றால், ஒன்று அதே நாளில் போட வேண்டும். இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தாலும், வயது அறுபதைத் தாண்டியிருந்தாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல்லையும் காட்டிவிடுங்கள். இங்கே அரை மணி நேரத்தில் அடைக்கும் சொத்தைக்கு, அங்கே தலைநகர் வரை பஸ் ஏற வேண்டியிருக்கலாம்.

அடுத்தது காகிதம். பாஸ்போர்ட்டில் பயணத்துக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை கேட்டால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்பின் வெளியுறவு அமைச்சகம். ஒன்று முடியாமல் மற்றதைத் தொடவே முடியாது. போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆட்டுதல்: வீட்டு விவகாரம்

மாவை விரலால் தேய்த்துப் பார்த்தால் அரைபடாத பருப்பு அகப்படும். வீட்டிலும் அப்படி அரைபடாதவை ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு நாள் உங்கள் போனை அணைத்து வையுங்கள். அப்பாவின் பிரஷர் மாத்திரையை யார் வாங்குவது, கரண்ட் பில் எண் எங்கே, பேங்க் ஓடிபி யாருக்கு வருகிறது என்று கேள்விகள் வரிசையாக வரும். வரும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, பக்கத்தில் பொறுப்பேற்பவரின் பெயரையும் எழுதுங்கள். பெயர் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.

ஓடிபி வரும் எண்ணைத் தனியாகக் கவனியுங்கள். 90 நாள் பயன்படுத்தாத இணைப்பைத் துண்டிக்க விதியில் இடம் இருக்கிறது. ரோமிங்கோடு அந்தச் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். சொத்து, கடன் விவகாரம் இருந்தால் பவர் பத்திரத்தைப் புறப்படுமுன் இங்கேயே பதிவு செய்துவிடுவது மேல். வெளிநாட்டில் எழுதினால் தூதரகச் சான்று வாங்கி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

புளிக்கவைத்தல்: மொழி

மாவைப் பொங்க வைப்பது நம் கை இல்லை. லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் இரவெல்லாம் வெளியிடும் வாயுதான். நாம் செய்யக்கூடியது நேரம் கொடுப்பது மட்டும்.

மொழியும் அப்படித்தான் படிகிறது. 1961ல் தொடங்கிய, அமைதிப் படை என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பில் பணிக்காலம் 27 மாதம். அதில் ஏறக்குறைய முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே போகிறது. பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு, பிறகுதான் வேலைக்குப் போவார்கள். எல்லா அமைப்புகளிலும் இந்த அவகாசம் கிடைக்காது. நம் செவிலியர், கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசும் சுவாஹிலியைத் தினமும் அரை மணி வீட்டிலேயே தொடங்கிவிடலாம். வணக்கமும் எண்களும் முதலில். "எங்கே வலிக்கிறது?" என்பது அடுத்த நாளே.

வேகவைத்தல்: கடைசி நாட்கள்

இப்போதுதான் அடுப்பு. மலேரியாத் தடுப்பு மாத்திரையில் எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மெஃப்ளோகுவின் என்றால் இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் ஓரிரு நாள் முன்பு போதும். ஆனால் இரண்டையும் மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும். பெட்டியில் மாற்றுக் கண்ணாடி, மருந்துச் சீட்டின் நகல், கென்யா, உகாண்டா என்றால் செவ்வக முனை மூன்று கொண்ட பிளக். மற்றவை அங்கேயும் கிடைக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. மாவு கொஞ்சம் புளித்துப்போனால் தோசை வார்த்துவிடலாம். பத்து நாள் ஆகாத மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே விண்ணப்பம் அனுப்பிய வாரமே மருத்துவரிடம் கேட்டு ஹெபடைடிஸ் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை தேர்வாகாமலே போனாலும் அந்த ஊசி வீண் இல்லை.