ஓராண்டில் உடன் வந்தோர்

கதை மறந்துவிடும், ஆள் மறக்காது. சென்ற ஆண்டு சூன் மாதம் கல்லூரி திறந்த வாரத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படிக்கின்ற நூல்களின் கதைச்சுருக்கம் எழுத வேண்டாம், மனத்தில் நின்ற மாந்தரின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றார். தேர்வு விடுமுறையில் அந்த நோட்டைப் புரட்டினேன். 31 பெயர்கள் இருந்தன. பலருடைய முகம் அதற்குள் கலைந்து போயிருந்தது. நின்றவர்களில் பெரும்பாலோர் நம் சேலம், நாமக்கல் சமவெளியையும் அதை ஒட்டிய கொங்குச் சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் எழுதிய பெயர் மலைக்கள்ளன். 1888-இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராகவே அறிந்த நமக்கு, அவர் ஒரு விறுவிறுப்பான நாவலும் எழுதினார் என்பது வியப்புத்தான். ஆனால் 1954-இல் வந்த திரைப்படத்தை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் முன்னரே பார்த்துவிட்டதால், எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எம்.ஜி.ஆர். முகமே வந்து நின்றது. படம் பார்ப்பதற்கு முன் நூலைப் படித்துவிடுங்கள் என்று மாணவ நண்பர்களுக்குச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

அடுத்தவன் கூளையன். பெருமாள்முருகன் 2000-இல் வெளியிட்ட ‘கூளமாதாரி’ நாவலில் வரும் ஆட்டுக்காரச் சிறுவன். கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆண்டுக் கணக்கில் விடப்பட்டவன். அவனோடு காடுகளில் மேய்க்கும் பிள்ளைகள் நெடும்பன், வவுறி, மொண்டி, செவுடி. உயரம், வயிறு, கால், காது என்று உடம்பைப் பார்த்துக் கூப்பிடுகிற பெயர்கள். கொளுத்தும் வெயிலில் பனைமரத்து நிழலைத் தேடி ஒதுங்கும் அந்தப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டமும் பேசுகிற பேச்சும் நூல் முழுதும் நிரம்பியிருக்கின்றன. அவர்கள் அடிமைகள் என்பதை இடையிடையே நாமே மறந்துவிடுகிறோம், அவர்களுக்கு மறப்பதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தச் சட்டம் யாருக்காக வந்தது என்பது கூளையனைப் படித்த பிறகே உறைத்தது.

எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் பட்டியிலும் ஆடு மேய்க்க ஒரு பையன் இருந்தான். கட்டையன் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். நூலை முடித்த அன்று மாலை, கடலைக்காய் தோலுரித்துக்கொண்டிருந்த அப்பாயியிடம் கேட்டேன்.

“அந்தப் பையனுக்குப் பேரு என்னங்க அப்பாயி?”

“கட்டையந்தான்.”

“அவுங்கம்மா வெச்ச பேரு?”

அப்பாயியின் கை சற்று நின்றது. “அத ஆரு கேட்டாங்க?” என்றார்.

நோட்டில் கூளையன் பெயருக்குக் கீழே ஒரு வரி வெற்றிடமாக விட்டு வைத்திருக்கிறேன்.

பொன்னாவைப் பற்றி நம் பகுதி மாணவர்களிடம் பேசுவதற்கே சிறிது தயக்கம் இருக்கிறது. ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தபோது அமைதியாகவே இருந்தது. 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 சனவரியில் ஆசிரியர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொன்னாவைத் தெரிந்தவர்கள் குறைவு. குழந்தையில்லாத குறை ஒன்றைத் தவிர, காளிக்கும் அவளுக்கும் இடையே வேறு குறையில்லை. அந்த ஒன்றை ஊர் மறக்க விடுவதில்லை. விசேட வீட்டில் ஒரு பார்வை, காட்டில் ஒரு சொல், உறவில் ஒரு பெருமூச்சு என்று ஊர் அவளைச் சிறிது சிறிதாகக் குத்துகிறது. வாயாடியாக அவள் திருப்பிக் கொடுக்கும் இடங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. வழக்கின் சத்தத்தில் ஒரு பெண்ணின் சண்டைக் குரல் கேட்காமல் போனது நமக்கு இழப்பே.

‘பூக்குழி’யின் சரோசா, குமரேசனை மணந்து, அவனை நம்பி ஊர் விட்டு வந்தவள். அவள் என்ன சாதி என்று ஊரே கேட்கிறது. ஆசிரியர் கடைசி வரை சொல்வதில்லை. நானும் பாதி நூல் வரை அதைத் தேடிக்கொண்டே படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு வெட்கமாக இருந்தது. அந்த ஊர்ச் சனத்தோடு நானும் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். பூனாச்சி என்னும் கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியையும் இந்த வரிசையில் சேர்த்திருக்கிறேன். ஆட்டை மாந்தர் என்னலாமா என்று தமிழ்த்துறை நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

இனி நாகம்மாள். ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட நாவல் அது. தாராபுரம் பக்கத்துக்காரர். கொங்கு நாட்டு உழவர் பேசுகிற பேச்சை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி. எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டால் நாகம்மாளையே சொல்வேன். ஆனால் முதல் வாசிப்பில் அவளை எனக்குப் பிடிக்கவேயில்லை.

நாகம்மாள் இளம் விதவை. ஒரு பெண் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பன் நல்லவன், உழைப்பாளி. அவன் மனைவி ராமாயியும் நல்லவள். சோற்றுக்குக் குறைவில்லை. நாகம்மாளோ அடங்காதவள், வம்புக்காரி, கெட்டியப்பன் என்னும் முரடனோடு தொடர்புடையவள். அவனும் மணியக்காரரும் தூண்டிவிட, கணவன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். முடிவு கொலை. நல்ல குடும்பத்தை ஒரு பெண் கெடுத்தாள் என்று எண்ணியே நூலை மூடினேன்.

வரலாற்று மாணவி என்பதால் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் வந்தது. அதன்படி கணவன் இறந்தால் அவன் பங்கை மனைவி ஆயுள் வரை அனுபவிக்கலாம். ஆனால் விளைநிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால், மாகாணங்களில் உள்ள விளைநிலத்துக்கு இச்சட்டம் செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணம் விளைநிலத்துக்கும் அதை நீட்டிச் சட்டம் செய்தது 1947-இல். முழு உரிமை 1956-இல்தான் வந்தது. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு, தமிழ்நாட்டில் 1989-இல், அதுவும் அப்போது மணமாகாதிருந்தவர்களுக்கு; நாடு முழுவதும் 2005-இல். ஆகவே 1942-இல் காடும் கழனியுமாக இருந்த குடும்பத்தில் நாகம்மாளுக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடியது சோறும் துணியுமே. அவள் கேட்டது அன்று எந்த ஏட்டிலும் இல்லாத பங்கு. கேட்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஆள் கெட்டியப்பன் ஒருவனே.

இதையெல்லாம் குறித்து வைத்த பின்னும் அவள் எனக்கு ஒரு கதைமாந்தர்தான். பொங்கல் கழிந்து அது மாறியது.

எங்கள் சித்தப்பா இறந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. சின்னம்மா எங்களோடுதான் இருக்கிறார். கிணற்றோடு சேர்ந்த நான்கு ஏக்கர் இன்னும் பிரிபடாமல் இருக்கிறது, குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறோம். வங்கிக் கடனுக்கு நிலம் ஒரே பெயரில் இருந்தால் வசதி என்று அப்பா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி வந்தார். தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகச் சின்னம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கெட்டவர் அல்லர். சின்னம்மாவுக்கு எந்தக் குறையும் வைத்தவர் அல்லர். சின்னப்பனைப் போல நல்லவர். அந்த எண்ணம் வந்தபோதுதான், நான் எந்த வீட்டில் உட்கார்ந்து அந்த நாவலைப் படித்தேன் என்பது விளங்கிற்று.

“பொறவு பாத்துக்கலாமுங்க” என்று மட்டும் சொல்லிச் சின்னம்மா எழுந்து போனார். அதன் பின் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவு இல்லை. நாகம்மாளை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வந்து சின்னம்மாவிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அடுப்படியில் உட்கார்ந்து நான்கு நாளில் முடித்துவிட்டார்.

“எப்படீங்க சின்னம்மா இருக்குது?” என்றேன்.

“அவ கேட்டது ஞாயந்தான் கண்ணு. அவனுட்டக் கேட்டுக்கிட்டுப் போயிக் கேட்டதுதான் தப்பு” என்றார். சிறிது நேரம் கழித்து, “தானே கேட்டிருக்கோணும்” என்றார்.

பத்திரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நூலைத் திருப்பித் தர வேண்டிய நாள் கடந்து 11 நாட்கள் ஆகிவிட்டன. சின்னம்மா அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறார்.