இன்மையும் அறியாமையும்: கரிசல் நில மழைக்கணக்கில் விடுபட்ட மதிப்புகள்

ஒரு நாளில் மழை பெய்யவில்லை என்பது ஒரு செய்தி. அந்நாளில் மழை அளக்கப்படவில்லை என்பது பிறிதொரு செய்தி. முன்னது இன்மையைக் கூறுவது. பின்னது அறியாமையை ஒப்புக்கொள்வது. இவ்விரண்டும் ஏட்டில் எழுதுங்கால் வேறுபட்டு நின்றும், கணிப்பொறியின் வழி இணையப் பக்கத்தில் காட்டப்பெறுங்கால் ஒன்றாய் மயங்கிவிடுதலைப் பலகாலும் காண்கின்றோம். அம்மயக்கம் எவ்வாறு நிகழ்கின்றது, அதனை நீக்குதற்கு உரிய நெறி யாது என்பதனைக் கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தின் மழைக்கணக்கை முன்னிறுத்தி ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கரிசல் நிலம் ஈரத்தை நெடுநாள் தேக்கிவைக்கும் இயல்பினது; காய்ந்த காலத்துப் பாளம் பாளமாக வெடிப்பது. அங்கு மானாவாரியாகப் பயிரிடப்பெறும் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி முதலியன பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியுள்ளன. ஆதலின் ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் ஒரு நாள் மழை கணக்கில் கூடுதலும் குறைதலும் சிறு செய்தி அல்ல. விதைப்பு நாளைத் தேர்தல், வறட்சியை மதிப்பிடல் ஆகிய இரண்டிற்கும் அக்கணக்கே சான்றாகின்றது. 1901-ஆம் ஆண்டிலேயே கோவிற்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியமை இந்நிலத்தின் தனித்தன்மையைப் புலப்படுத்தும்.

மயக்கத்தின் தோற்றத்தை அறிதற்குக் கற்பனையாக ஒரு கிழமையை எடுத்துக்கொள்வோம். ஏழு நாள்களின் மழை முறையே 12, 0, வெற்றிடம், 0, 34, வெற்றிடம், 0 மில்லிமீட்டர் எனக் கொள்க. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் அளவு எடுக்கப்படவில்லை. இக்கோப்பு இணையப் பக்கத்திற்கு வந்து சேரும்பொழுது அவ்வெற்றிடங்கள் வெறுமதிப்பு என்னும் தனிக்குறியாகவோ, எழுத்தில்லாத வெறுஞ்சரமாகவோ அமையும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டு மொழியோ இவ்விரண்டையும் எண்ணாக மாற்றுமாறு பணித்தால் சுழி என்றே விடை தரும். எவரும் பொய் கூற நினையாதிருந்தும், அளக்கப்படாத இரண்டு நாள்களும் மழையற்ற நாள்களாய்த் திரையில் தோன்றும்.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. விடுபட்ட இடத்தில் 'குறிப்பில்லை' எனக் காட்ட விழையும் நிரலாளர் பலர், 'அல்லது' என்னும் பொருளுடைய இரட்டை நெடுங்கோட்டுக் குறியைக் கையாள்வர். அக்குறி வெறுமதிப்பை மட்டுமன்றிச் சுழியையும் பொய்ம்மையெனக் கொண்டு விலக்கிவிடும். அதனால், அளந்து மழையில்லை என்று கண்ட இரண்டாம், நான்காம், ஏழாம் நாள்களும் 'குறிப்பில்லை' என்றாகிவிடும். முதற்பிழை அறியாமையை இன்மையாக்கியது. இப்பிழை இன்மையை அறியாமையாக்கியது. 2020-ஆம் ஆண்டு அம்மொழியின் செந்தரத்தில் சேர்க்கப்பெற்ற இரட்டை வினாக்குறி, வெறுமதிப்பையும் வரையறுக்கப்படாததையும் மட்டுமே விலக்கிச் சுழியைக் காக்கின்றது. ஆயினும் அது வெறுஞ்சரத்தைப் பிடிப்பதில்லை. ஆகவே கோப்பை ஏற்றும் முதற்படியிலேயே வெறுஞ்சரங்கள் அனைத்தையும் வெறுமதிப்பாக மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

பழைய கோப்புகளில் பிறிதொரு வழக்கமும் காணப்படுகின்றது. இந்திய வானிலைத் துறை வெளியிடும் கட்டங்களாகப் பகுத்த மழைத்தரவில், விடுபட்ட மதிப்பு −999 என்னும் எண்ணால் குறிக்கப்பெறுகின்றது. வெப்பநிலைத் தரவிலோ 99.9 என்னும் எண் அப்பணியைச் செய்கின்றது. மேற்கூறிய கிழமையின் வெற்றிடங்களில் −999 இருந்து, அதனை அறியாது கூட்டினால், மொத்த மழை −1952 மில்லிமீட்டர் ஆகும். குறைமழை என்பது உண்டு. எதிர்ம மழை என்பது இல்லை. ஆதலின் காண்பவர் பிழையை உடனே உணர்வர். சுழியால் நிரப்பிய பிழையோ இயல்பான மதிப்பின் தோற்றத்தை உடையதாதலின் எவர் கண்ணிலும் படாது நிலைத்துவிடும். பின்னதே கேடு மிக்கது என்பது எம் கருத்து.

சராசரி காணுமிடத்தும் இவ்வேறுபாடு பெரிதாகின்றது. அளந்த ஐந்து நாள்களின் மொத்தம் 46. அதனை ஏழால் வகுத்தால் நாளொன்றிற்கு ஏறத்தாழ 6.6, ஐந்தால் வகுத்தால் 9.2. பின்னதும் முற்றிலும் ஐயமற்றது அன்று. பெருமழையால் வழி துண்டிக்கப்பட்டு அளப்பவர் வர இயலாமற் போயிருப்பின், விடுபட்ட நாளே மிகுமழை பெய்த நாளாகவும் இருக்கலாம். விடுபட்டமைக்கும் விடுபட்ட மதிப்பிற்கும் தொடர்பு உண்டா என வினவுதலின் இன்றியமையாமையை 1976-இல் டொனால்டு ரூபின் என்னும் புள்ளியியலறிஞர் தெளிவாக்கினார். எனவே, '46 மி.மீ.; 7 நாள்களுள் 5 நாள்களின் அளவு' என மொத்தத்துடன் அளவெடுத்த நாள்களின் தொகையையும் சேர்த்துக் காட்டுதலே நேர்மையாகும். வரைபடத்திலும் விடுபட்ட நாளில் கோட்டை அறுத்துவிடுதல் வேண்டும். இரு புள்ளிகளையும் இணைத்தல் காணாததைக் கண்டதாகக் கூறுவதாம்.

அளக்கப்படாமையின் வேறாக, பொருந்தாமை என்னும் வகையும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பெற்றது. மாவட்டவாரியான அட்டவணையில் 1950-ஆம் ஆண்டிற்குரிய தூத்துக்குடிக் கட்டம் வெறுமையாயின், அக்காலத்துக் கோவிற்பட்டியில் மழை பெய்யவில்லை என்றோ அளக்கப்படவில்லை என்றோ கொள்ளுதல் பொருந்தாது. அப்பெயருடைய மாவட்டமே அன்று இல்லை. மழை திருநெல்வேலிக் கணக்கில் அடங்கியிருக்கும். இவ்வெற்றிடத்திற்குத் தனிக்குறியும் அடிக்குறிப்பும் தேவை. இந்திய வானிலைத் துறையின் மழைநிலைப் படங்களில் 'மழையின்மை', 'தரவின்மை' என்பன தனித்தனி வகைகளாக அமைந்திருத்தல் பின்பற்றத்தக்கதாகும்.

தமிழாய்வாளர்க்கு இந்நெறி புதிதன்று. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த காலத்து 267, 268 ஆகிய பாடல்கள் கிடைத்தில. அடுத்த பாடல் 267 என எண் மாற்றப்பெறாமல் 269 என்றே நின்றது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. எனினும் இன்று நூலின் தொடக்கத்தில் நிற்பது 'இரண்டாம் பத்து' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. இழந்ததன் இடம் காக்கப்பட்டமையால் இழப்பின் அளவு நமக்குத் தெரிகின்றது. வெற்றிடத்தை மூடியிருப்பின், இழந்தோம் என்பதனையே இழந்திருப்போம்.

இக்கருத்து வட்டாரச் சொல்லாய்விற்கும் பொருந்தும். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வெளிவந்தது. அத்தகைய தொகுப்புகளினின்றும் ஊர்தோறும் சொல்வழக்கை அட்டவணைப்படுத்தி இணையத்தில் இட முற்படும் மாணவர், வெறுமையான கட்டம் ஒன்றைக் காணும்பொழுது, அவ்வூரார் அச்சொல்லை வழங்குவதில்லையா, அன்றி அவர்களிடம் அச்சொல் பற்றிக் கேட்கப்படவே இல்லையா என வினவுதல் வேண்டும். கேளாததை 'வழக்கில் இல்லை' எனக் காட்டின், வாழும் சொல்லொன்றை நாமே வழக்கிறந்ததாக்கிய குற்றத்திற்கு ஆளாவோம்.

ஆகவே, கட்டத்தில் சுழி நிற்பின் அது அளந்து கண்ட சுழியாதல் வேண்டும். அளக்காத இடத்தில் சிறுகோடும், பொருந்தாத இடத்தில் வேறொரு குறியும், தரவு இன்னும் வந்து சேராத நேரத்தில் அதனை அறிவிக்கும் சொல்லும் நிற்றல் வேண்டும். அவற்றின் பொருள் அட்டவணையின் அடியிலேயே விளக்கப்பெறல் வேண்டும். வானம் பார்த்த நிலத்தின் கணக்கை எழுதுவார்க்கு இது மிகையான உழைப்பன்று. அக்கணக்கை நம்பி விதைப்பவரும் நிவாரணம் வேண்டுபவரும் உளராதலின், இது அவர்க்குச் செலுத்த வேண்டிய கடன் எனலே பொருந்தும்.