சீனியர் வீரரைத் தக்கவைப்பதா, வழியனுப்புவதா? இரண்டு பயிற்சியாளர்கள்... இரண்டு பதில்கள்!

அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த வீரருக்கு வயதாகிவிட்டது. ஒப்பந்தமும் முடியப்போகிறது. நன்றிக்கடனாக அவரைத் தக்கவைப்பதா, வழியனுப்பிவிட்டு இளைஞரைத் தேடுவதா? அமெரிக்காவின் என்.எஃப்.எல் போட்டிகளில் இந்தக் கேள்விக்கு இரண்டு பயிற்சியாளர்கள் நேரெதிரான பதில்களைச் சொன்னார்கள்.

இது நமக்குப் பழக்கமான கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். இங்கே ஒப்பந்தம் முடிந்த வீரரை 'ஃப்ரீ ஏஜென்ட்' என்பார்கள். அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். 1993-ல் இந்த முறை வந்தது. அடுத்த ஆண்டே, ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பும் வந்துவிட்டது. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால், இன்னொருவருக்கான பணம்தான் குறையும்.

பாசம் வேறு, கணக்கு வேறு!

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக், இதில் கறார் பேர்வழி. 2003 சீசன் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, சம்பளக் குறைப்புக்குச் சம்மதிக்காத மூத்த வீரர் லாயர் மில்லாயை விடுவித்தார். அவரை பஃபலோ பில்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. முதல் ஆட்டத்திலேயே அந்த அணியிடம் பேட்ரியாட்ஸுக்கு 31-0 எனத் தோல்வி! ஆனால், அந்த சீசன் முடிவில் 'சூப்பர் பௌல்' கோப்பை பெலிசிக் கையில்தான் இருந்தது.

இதே கறார், டாம் பிராடி விஷயத்தில் கைகொடுக்கவில்லை. 20 சீசன்கள் ஆடி 6 கோப்பைகள் வென்று தந்த பிராடி, 2020 மார்ச்சில், 42 வயதில், ஃப்ரீ ஏஜென்ட்டாக டாம்பா பே பக்கனீர்ஸுக்குப் போனார். 2021 பிப்ரவரியில் அங்கே அவர் கோப்பையைத் தூக்கினார். பேட்ரியாட்ஸ் அந்த சீசனில் பிளே ஆஃப் சுற்றுக்கே போகவில்லை.

யாரையும் விடவில்லை!

டாம்பா பே பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் வேறு வழியில் போனார். கொரோனாவால் 2021-ல் சம்பள உச்சவரம்பு 19.82 கோடி டாலரிலிருந்து 18.25 கோடியாகக் குறைந்தது. பல அணிகள் சீனியர்களைக் கழற்றிவிட, அவரும் அணி நிர்வாகமும் கோப்பை வென்ற அணியின் 22 முதன்மை வீரர்களையும் தக்கவைத்தார்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைப் பின்வரும் ஆண்டுகளின் கணக்குக்குத் தள்ளிவைத்ததால்தான் இது முடிந்தது. ஒருவகையில், தவணை முறையில் வாங்கிய விசுவாசம்.

பலன்? 13 வெற்றி, 4 தோல்வி என அபாரமான சீசன். ஆனால் பிளே ஆஃபில் ராம்ஸ் அணியிடம் 30-27 எனத் தோற்று, கோப்பை நழுவியது. தவணையும் கழுத்தை நெரித்தது. 2023-ல் பிராடி ஓய்வுபெற்ற பிறகும், ஆடாத அவர் பெயரில் சுமார் 3.5 கோடி டாலர் அணியின் கணக்கில் ஏறியது.

ஆக, கறாருக்கும் விலை உண்டு. விசுவாசத்துக்கும் விலை உண்டு. சீனியர் வீரர் நேற்று செய்த சாதனைக்காக மட்டும் அவரை வைத்துக்கொண்டால் அணி தேங்கிப்போகும். வயதை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால், அவரிடம் மிச்சமிருக்கும் ஆட்டத்தை எதிரணிக்குத் தானம் கொடுத்ததாகிவிடும். 'நாளைக்கு இவரால் என்ன முடியும்?' என்று நேர்மையாக எடைபோடுவதில்தான் பயிற்சியாளரின் திறமை இருக்கிறது.

2024 ஜூனில் பேட்ரியாட்ஸ் அணி, பிராடி அணிந்த 12-ம் எண் ஜெர்சிக்கு நிரந்தர ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அணியிலிருந்து விலகியிருந்த பெலிசிக்கும் அந்த விழாவுக்கு வந்து பிராடியைப் பாராட்டிப் பேசினார். கணக்குகளை முடித்த பிறகு, பாசத்துக்கு ஒரு மேடை கிடைக்கத்தான் செய்கிறது!