பேரீச்சம்பழத்துக்குப் போன வாளி

தள்ளுவண்டியில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பழைய இரும்பு, பித்தளை கேட்டு வருவது தமிழ்நாட்டுத் தெருக்களில் நெடுநாள் நடந்த பண்டமாற்று. ஓட்டை வாளியைக் கொடுத்தால் பிசுபிசுத்த பழம் ஒரு பொட்டலம் கிடைக்கும். ஓடாத வண்டியை 'பேரீச்சம்பழத்துக்குப் போடு' என்று கேலி செய்வது இதிலிருந்து வந்ததுதான். பொருளுக்குப் பொருள் மாற்றுவது புதிதும் அல்ல; நெல்லுக்கு உப்பு விற்ற உமணர்கள் சங்கப் பாடல்களிலேயே வருகிறார்கள்.

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வியாபாரத்தில் பேரம்தான் சுவை. கூடைக்காரப் பெண் சேலையை வெளிச்சத்தில் விரித்துக் கிழிசல் தேடுவார். வீட்டுக்காரரோ கிண்ணத்தைத் தட்டிக் கனம் பார்ப்பார். கைமாறிய துணி தைத்துத் தேய்க்கப்பட்டு மறுபடி விற்பனைக்குப் போகும். சரிகைப் பட்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் நூல் சேலை அவ்வளவு எளிதில் வீட்டை விட்டுப் போனதில்லை. துவைக்கத் துவைக்க மிருதுவாகி, முதலில் தூளியாகும். பிறகு குழந்தைக்கு விரிப்பு, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. நைந்த வேட்டியில் வடாம் பிழிவார்கள், கிழித்து விளக்குத் திரியும் திரிப்பார்கள். பாலியெஸ்டர் வந்ததும் இந்தச் சங்கிலி அறுந்தது. அது ஈரத்தை உறிஞ்சாது, சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பித்தளைப் பாத்திரத்துக்கும் மறுவாழ்வு உண்டு. புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் உட்புறம் வெள்ளீயம் பூசுவார்கள். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் ஒரே வீச்சில் தேய்த்தால் உள்ளே வெள்ளியாய் மின்னும். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசலாம். எவர்சில்வர் பரவிய பிறகு ஈயம் பூசுபவரின் குரல் தெருக்களில் அரிதாகிவிட்டது.