வைஃபை எரிகிறது, டேட்டா கரைகிறது

கற்பிட்டியில் நள்ளிரவு 12 மணி என்றால் குவைத்தில் இரவு 9.30. வீட்டு வேலைக்குப் போன தாய்மார் பலருக்கு, மேடம் வீட்டுச் சமையலறை ஓய்ந்து போனைக் கையில் எடுக்க முடிவது அந்த நேரத்தில்தான். இங்கே பல பெக்கேஜ்களில் 'நைட் டேட்டா' திறப்பதும் அப்போதுதான். உடப்பிலிருந்து கண்டக்குளி வரை அந்த அழைப்புக்காகப் பிள்ளைகள் கண்விழித்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கு ரவுட்டர் வந்ததே இந்த ஒரு அழைப்புக்காகத்தான்.

வைஃபையைப் போட்டுவிட்டால் போன் அதிலேயே நிற்கும் என்று நம்புகிறார்கள். அது நிற்பதில்லை.

சிக்னல் மெலிந்ததும் போன் தானாகவே சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஐஃபோனுக்கு இந்த வசதி 2015இல் வந்தது. யாரும் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இது உண்டு. வீடியோ அழைப்பு ஒரு மணி நேரத்தில் சில நூறு எம்பியை விழுங்கும். அம்மாவின் முகம் திரையில் அசைந்துகொண்டே இருப்பதால் தாவியது எவருக்கும் தெரியாது. ரவுட்டரின் நைட் டேட்டா அப்படியே கிடக்க, போனில் ரீலோட் போட்ட காசு போய்விடும். 2022 செப்டெம்பரில் போன் கட்டணங்கள் 20 சதவீதம் ஏறிய பிறகு, இது சின்ன இழப்பு அல்ல.

வீடு எதனால் கட்டப்பட்டது என்பதற்கும் இதில் பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பக்கங்களில் கிடுகுக் கொட்டில்களில்தான் வாழ்க்கையைத் தொடங்கின. காய்ந்த கிடுகு வைஃபை அலையைப் பெரிதாக மறிக்காது. கிடுகுக்குப் பதிலாக வந்த தகரம் திருப்பி அடித்துவிடும். ரவுட்டர் முன்னறையிலும், பிள்ளைகள் தகரத் தடுப்புக்குப் பின்னாலும் இருந்தால் போன் தாவத்தான் செய்யும்.

தாவினால் அழைப்பு அறாதே, நல்லதுதானே என்பாரும் உண்டு. மாதாந்தம் பில் கட்டுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். நூறு ரூபாய்க்கு ரீலோட் போடுகிற வீட்டில் டேட்டா தீர்ந்தால் மறுநாள் அழைப்பே இல்லை. குவைத்தில் ஒருத்தி காத்திருந்து, பேசாமலே படுக்கப் போவாள். கவலை அதுதான்.

இன்னொரு பொறி, ஹொட்ஸ்பொட். பக்கத்து வீட்டுக்காரர் தன் போனிலிருந்து கொடுப்பதும் வைஃபையாகத்தான் தெரியும். 'வைஃபையில் மட்டும்' என்று வைத்த அப்டேட்டுகளும் படச் சேமிப்பும் அப்போது சில வேளை தாராளமாக இயங்கி, கொடுத்தவரின் டேட்டாவைக் காலிசெய்துவிடலாம். ஆண்ட்ராய்டில் அந்த இணைப்பை 'அளவிடப்படுவது' என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஐஃபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் இருக்கும் 'வைஃபை உதவி' என்பதை அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வைஃபையின் கூடுதல் அமைப்புகளுக்குள் மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதியைத் தேட வேண்டும். போனுக்குப் போன் இடம் மாறும். எதுவும் அகப்படாவிட்டால் அழைப்புக்கு முன் மொபைல் டேட்டாவையே அணைத்துவிடலாம். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அப்போதும் வரும். கடலுக்குப் போகிறவர் மட்டும் கரையை விட்டுக் கிளம்புமுன் மொபைல் டேட்டாவை மறக்காமல் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

டேட்டாவை அணைத்த பின் படம் உறைந்தால், அந்த மூலைக்கு வைஃபை எட்டவில்லை என்று பொருள். ரவுட்டரைத் தகரத் தடுப்பில் பிள்ளைகள் இருக்கும் பக்கம், உயரமான ஒரு தட்டில் ஏற்றி வைத்துப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை.