பாய்மரம் சாயுமுன்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்றை எதிர்த்து நிற்கிறது. கருங்கல்லால் ஆன அதன் சிற்பங்களே முகம் மழுங்கிப் போயின. கல்லுக்குள் ஊறிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுக்கும் பணியைத் தொல்லியல் துறையினர் மேற்கொள்கின்றனர். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் வளர்க்கப்பட்டன. செங்கல்பட்டு நகரில் நெடுநாள் உழைக்கும் சன்னல் கம்பி, கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ சில ஆண்டுகளிலேயே துருவேறி உதிர்வதை அப்பகுதி மாணவர் அறிவர். கல்லையே தின்னும் இக்காற்றில், சில எஃகு வடங்களை நம்பி மாதக்கணக்கில் கடலில் செல்லும் பாய்மரப் படகின் நிலை எத்தகையது?

2018 ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 'துரியா' என்னும் படகில் பிரான்சு நாட்டின் கரையிலிருந்து தனியாளாகப் புறப்பட்டார். எங்கும் நில்லாமல், எவர் உதவியும் பெறாமல் உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' போட்டி அது. செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல் தாக்கியது. மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகக் காற்று. 14 மீட்டர் உயர அலைகள். படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு நொறுங்கி அசைய இயலாமல் கிடந்த அவரை, மூன்று நாள்களுக்குப் பின் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. ஆத்திரேலியாவின் பெர்த் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

துரியாவின் பாய்மரத்தை வீழ்த்தியது, படகையே புரட்டிய அலை. ஆனால், எல்லாப் பாய்மரங்களும் புயலில்தான் சாய்கின்றன என்று எண்ணுதல் தவறு. தெளிந்த வானில், நடுத்தரக் காற்றில் சாய்ந்தவையும் உண்டு. அவற்றில் முறிவு அன்று நேர்ந்ததன்று. பல மாதங்களுக்கு முன்பே ஏதோ ஓர் இணைப்பில் மயிரிழை விரிசலாகத் தொடங்கியிருக்கும். புயலைத் தடுக்க மனிதரால் இயலாது; விரிசலைக் கண்டுபிடிக்க இயலும்.

சங்கத் தமிழர் பாய்மரத்தைக் 'கூம்பு' என்றனர். இன்றைய படகில் அக்கூம்பைத் தானே நிற்கும் மரமாகக் கருதலாகாது. முன்னே ஒரு வடம், பின்னே ஒரு வடம், இரு புறங்களிலும் பக்க வடங்கள் ஆகியவை இழுத்துப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது. வடம் பெரும்பாலும் 19 கம்பிகளால் முறுக்கப்பட்டது: நடுவில் ஒன்று, அதனைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. வடத்தின் கீழ்முனை ஒரு குழாய் போன்ற முனைப்பூணுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். பூணைத் திருகுமுறுக்கி பற்றும். திருகுமுறுக்கியைப் படகின் உடலில் பதித்த இரும்புப்பட்டை பற்றும். இச்சங்கிலியில் ஒரு சிறு ஊசி கழன்றாலும் பாய்மரம் கீழே வரும்.

வடம் நடுவில் அறுவது அரிது. முனைப்பூணின் வாயில்தான் பெரும்பாலும் அறும். அலைதோறும் வடம் இறுகித் தளர்கிறது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது ஒடிவதைப் போல, இலட்சக்கணக்கான அசைவுகளில் எஃகு களைத்துப்போகிறது. இதனுடன் உப்பும் சேர்கிறது. நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்கா எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிசனுடன் கூடி அது எஃகின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே புதுப்பிக்கப்படும். ஆனால், வடத்தின் வழியே இறங்கிய உப்புநீர் கீழ்ப்பூணின் இடுக்கில் தேங்கினால் அங்கு ஆக்சிசன் எட்டுவதில்லை. படலம் சிதைகிறது, குளோரைடு உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பளபளக்கும் பூண் உள்ளே நோயுற்றிருக்கும். மேல்தளத்தின் வழியே இறங்கும் இரும்புப்பட்டையின் மறைந்த பகுதிக்கும் இதே நிலைதான்.

இந்நோயைக் கண்டறியப் பெருங்கருவிகள் தேவையில்லை. பஞ்சை வடத்தின்மீது மேலிருந்து கீழாக வழித்தால், அறுந்த கம்பி அதனைப் பற்றிக்கொள்ளும். (வெறுங்கையால் வழிப்பவர் விரல் கிழியும்.) ஒரு கம்பிதானே அறுந்தது, பதினெட்டு உள்ளனவே என்று ஆறுதல் கொள்ளலாகாது, ஒரே நாளில் பிறந்து, ஒரே சுமையைத் தாங்கிய மற்றவையும் அதே முதுமையில்தான் உள்ளன. பூணின் வாயில் தேநீர்க் கறை போன்ற துருக்கோடு வழிந்தால் அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்க வேண்டும். ஐயம் தீராவிடில் சிவப்பு ஊடுருவுச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெண்பொடி தூவினால், விரிசல் செங்கோடாகத் தோன்றும். அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகாணியைச் சுற்றி வெண்துகள் காணப்பட்டால், இருவேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்ததால் அலுமினியம் கரைகிறது என்று பொருள்.

படகு ஓடும்போதும் அறிகுறிகள் தோன்றும். காற்று வரும் பக்கத்து வடம் விறைத்தும் எதிர்ப்பக்கத்து வடம் சற்றுத் தளர்ந்தும் இருப்பது இயல்பே. நேற்றைவிட இன்று தளர்ச்சி மிகுந்தால் எங்கோ ஏதோ நகர்ந்துள்ளது: திருகு கழன்றிருக்கலாம், இரும்புப்பட்டை மேலெழுந்திருக்கலாம், பாய்மரத்தின் அடி அமிழ்ந்திருக்கலாம். தளர்ந்த வடத்தை முறுக்கி இறுக்கிவிட்டு அமைதி கொள்பவர் காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி இடுபவரைப் போன்றவர்.

நம் கடற்கரையின் கட்டுமரத்துக்கு இத்தொல்லை இருந்ததில்லை. கரை சேர்ந்ததும் பாயை இறக்கி, கட்டவிழ்த்து, மரங்களை உலர்த்துவர். மறுமுறை கட்டும்போது நைந்த கயிறு கைக்குத் தெரிந்துவிடும். எஃகு வடமோ ஆண்டுக்கணக்கில் ஏற்றிய நிலையிலேயே நிற்கிறது. யாரும் தொடாதது யாருக்கும் தெரிவதில்லை.

நடுக்கடலில் வடம் அறுந்துவிட்டால், இழந்த வடம் எப்பக்கம் இருந்ததோ அப்பக்கமாகப் பாய்மரத்தைக் காற்றே தள்ளுமாறு படகைத் திருப்ப வேண்டும். அப்போது சுமை எதிர்ப்பக்கத்து வடத்துக்கு மாறும். முன்வடம் அறுந்தால் காற்றைப் பின்னே வாங்க வேண்டும். பின்வடம் அறுந்தால் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். பக்கவடம் அறுந்தால் காற்றை மறுபக்கம் ஏற்க வேண்டும். பின்னர்ப் பாயை ஏற்றும் கயிறு ஒன்றை அறுந்த வடத்தின் இடத்தில் இழுத்துக் கட்டலாம். பாய்மரமே கடலில் விழுந்து, படகின் உடலைத் துளைக்கும் வகையில் மோதுமானால், வடங்களை வெட்டி அதனைக் கைவிடுவதே வழி. இதற்கென வெட்டுக்கருவியை எட்டும் இடத்தில் வைத்திருப்பர்.

அபிலாஷ் டோமியின் முதுகெலும்பில் டைட்டேனியம் பொருத்தப்பட்டது. 2022 செப்டம்பரில் அவர் அதே போட்டியில் 'பயானத்' என்னும் படகில் மீண்டும் புறப்பட்டார். 236 நாள்கள் கடலில் இருந்து, பழுதுகளைத் தாமே கண்டு, தாமே சீர்செய்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். அன்று பாய்மரம் நின்றுகொண்டிருந்தது.