தோலின் நிறமும் தோல் நோயும்

பழந்தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு மாமை, பசலை, சுணங்கு, திதலை என்னும் சொற்கள் புதியன அல்ல. நான்கும் மேனியின் நிறத்தைப் பற்றியன. மாமை என்பது மாந்தளிர் போன்ற நிறம் என்பர் உரையாசிரியர். அது மகளிர்க்கு அழகு. பிரிவுத் துயரால் அந்நிறம் கெட்டு மேனி ஒளி குன்றுதல் பசலை எனப்பட்டது. அது நோய். திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே அதற்கு உண்டு. சுணங்கும் திதலையும் மேனியில் தோன்றும் புள்ளிகள். அவற்றுக்குத் தேமல் என்றே உரை கூறப்பட்டுள்ளது. அவையும் அழகின்பாற் பட்டனவாகவே பாடப்பெற்றன.

இன்று இம்முறை தலைகீழாகிவிட்டது. இயல்பான மாநிறம் நோய்போற் கருதப்படுகிறது. நிறம் வெளிறுதல் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடைத்தெருவிலும் கைத்தொலைபேசி விளம்பரத்திலும் ‘ஏழே நாளில் வெண்மை’ தரும் பூச்சுகளுக்குக் குறைவில்லை. இதனால் இருவகைத் தீங்கு நேர்கிறது. நோயல்லாத நிறத்துக்கு மருந்து இடப்படுகிறது. உண்மையான நோயோ அப்பூச்சின் அடியில் மறைந்து வளர்கிறது. நிறம் எது, நோய் எது என்று பிரித்தறிந்தால் இவ்விரு தீங்கும் பெரும்பாலும் நீங்கும்.

நிறம் அமையும் முறை

தோல், மேற்றோல் என்றும் உட்டோல் என்றும் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. மேற்றோலின் அடிவரிசையில் நிறமி உயிரணுக்கள் உள்ளன. அவை டைரோசினேசு என்னும் நொதியின் துணையால் மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்கி, அண்டையிலுள்ள உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. வெண்ணிற மக்களுக்கும் கருநிற மக்களுக்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவிலும் வகையிலும், அது பரவியிருக்கும் முறையிலுமே வேறுபாடு உண்டு.

மெலனின் ஒவ்வோர் உயிரணுவிலும் அதன் உட்கருவின்மேல் குடைபோற் கவிந்து நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் உட்கருவைத் தாக்கிக் கெடுக்காமல் காப்பதே அதன் தொழில். வெயில் மிகுந்த நாடுகளில் வாழ்ந்தோர்க்குக் கருநிறம் அமைந்த காரணம் இதுவே. ஆகவே கருமை அழுக்கன்று, குறையுமன்று. அது காப்பு.

மேற்றோலின் உயிரணுக்கள் அடியிற் பிறந்து, ஏறத்தாழ ஒரு திங்களில் மேலே வந்து உதிர்கின்றன. எனவே தோலுக்குச் செய்யும் எம்மருத்துவமும் பயன்தரச் சில கிழமைகளாவது வேண்டும். ஏழு நாளில் நிறம் மாற்றும் பொருள் எதுவாயினும் அதனை ஐயுறுதல் தகும்.

பெயரறிதலே முதல் மருத்துவம்

ஒன்றுபோற் தோன்றும் தோல் நோய்களுக்கு மருத்துவம் வேறு வேறாகும். அவற்றுள் இந்நாட்டுத் தமிழரிடையே மிகுதியாகக் காணப்படுவன சில.

தேமல்: மார்பிலும் முதுகிலும் தோளிலும் வெளிறிய அல்லது பழுப்பான திட்டுகளாகத் தோன்றும், மெல்லச் சுரண்டினால் தூள்போற் செதிள் உதிரும். மலாய் மொழியில் இதனைப் ‘பானாவ்’ என்பர். மலசீசியா என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். அப்பூஞ்சை எல்லார் தோலிலும் இயல்பாக வாழ்வது. வெப்பமும் வியர்வையும் மிகும்போது அது பெருகி நிறமியின் ஆக்கத்தைத் தடுக்கிறது. ஆதலின் தேமல் ஒட்டுவாரொட்டி அன்று. அழுக்கினால் வருவதும் அன்று. கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு கலந்த தலைக்கழுவியை உடலில் தேய்த்துச் சில நிமிடம் வைத்துக் கழுவினால் பூஞ்சை ஒடுங்கும். பூஞ்சை ஒடுங்கியபின்னும் நிறம் மீளச் சில திங்கள் ஆகும். இதனை அறியாதோர் மருந்து பலிக்கவில்லை என்று கருதி வேறு பூச்சுகளை நாடுவர்.

படர்தாமரை: வட்டமாகப் படர்ந்து, விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து காணப்படும், அரிப்பு மிகும். மலாயில் இது ‘கூராப்’. இதுவும் பூஞ்சையால் வருவதே. ஆயின் இது பிறர்க்கும் தொற்றும். சீமையகத்தி, வண்டுகொல்லி என்றெல்லாம் வழங்கும் செடியின் இலையைத் தமிழர் இதற்கு அரைத்துப் பூசினர். மலாய் மக்களும் அதே செடியைக் ‘கெலெங்காங்’ என்று பெயரிட்டு இதே நோய்க்குப் பயன்படுத்தினர். இன்று பூஞ்சையை ஒழிக்கும் களிம்புகள் அதனினும் உறுதியானவை. திட்டு மறைந்த பின்னும் மருந்தைத் தொடர்ந்து, மருத்துவர் சொன்ன நாள்வரை பூசுதல் வேண்டும்.

கரப்பான்: தோல் வறண்டு சிவந்து அரிக்கும் அழற்சி நோய். குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் மிகுதி. இதற்கு ஈரங்காக்கும் களிம்பே அடிப்படை மருந்து. அழற்சி மிகுந்தபோது மருத்துவர் ஸ்டீராய்டுக் களிம்பு தருவர். கரப்பானுக்கு நன்மை செய்யும் அக்களிம்பைப் படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு மட்டும் அடங்கும். பூஞ்சையோ உருமாறிப் பரவும். பெயரறியாது மருந்திடுவதன் தீங்குக்கு இஃது ஒன்றே சான்று.

மங்கு: கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின்மேலும் படரும் பழுப்புக் கருமை. பெண்களுக்கே மிகுதி. கருவுற்ற காலமும், கருத்தடை மாத்திரையும், குடும்ப இயல்பும் இதற்குக் காரணமாகும். எனினும் இதனை வளர்ப்பது வெயில். கண்ணுக்குப் புலனாகும் ஒளிகூட இதனை மிகுவிக்கும். ஆதலின் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வெயிற்காப்புக் களிம்பு இதற்குச் சிறந்தது. மங்கைக் கட்டுப்படுத்தலாம், அடியோடு நீக்குவது அரிது.

வெண்புள்ளி: உடலின் காப்பாற்றலே நிறமி உயிரணுக்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. தொற்றாது, உயிர்க்கு ஊறு செய்யாது. ஆயினும் ‘வெண்குட்டம்’ என்று பெயரிட்டதனால் அதற்குத் தொழுநோயின் பழி வந்து சேர்ந்தது. பெண்ணுக்கு மணம் தடைப்படுவதும், பிள்ளையோடு பிற பிள்ளைகள் ஒன்றி அமராமையும் ஒரு தவறான சொல்லின் விளைவுகள். தமிழ்நாட்டில் ‘வெண்புள்ளி’ என்னும் பெயர் இப்போது பரவி வருகிறது. இங்குள்ள தமிழாசிரியரும் அப்பெயரையே வழங்குதல் நன்று.

தொழுநோயின் திட்டும் வெளிறியே இருக்கும். ஆனால் அத்திட்டில் தொடுவுணர்ச்சி குன்றியிருக்கும். அதுவே வேறுபாடு. சிலாங்கூரில் 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோ குடியிருப்பு அமைக்கப்பட்ட காலத்தில் அந்நோயாளர் ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டனர். இன்றோ, 1981ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டு மருந்தினால் அது முற்றும் குணமாகும். உணர்ச்சியற்ற திட்டை வெண்மைப் பூச்சால் மறைப்பது, குணமாக்கத்தக்க நோயை முற்றவிடுவதாகும்.

கழுத்துக் கருமை: பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து, மெல்லிய துணிபோல் மடிந்து கறுத்திருக்கும். பிள்ளை சரியாகக் குளிக்கவில்லை என்று தாய்மார் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவர். அஃது அழுக்கன்று. இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் ஓர் அறிகுறி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி. ஆகவே உடல் பருத்த மாணவனின் கழுத்தில் இக்கருமையைக் காணும் ஆசிரியர், அவனை அழுக்கன் என்று கடிந்துகொள்ளாமல், இரத்தச் சர்க்கரையைச் சோதிக்குமாறு பெற்றோர்க்கு உரைப்பின், அது பேருதவியாகும்.

வெண்மைப் பூச்சின் வரலாறு

தோலை வெளுக்கச் செய்யும் வேதிப்பொருள்களின் வரலாற்றில் இரப்பருக்கும் இடமுண்டு. மலாயாத் தோட்டங்களில் தமிழர் சீவிய இரப்பர் உலகச் சந்தைக்குச் சென்ற காலம் அது. அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் இரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்தோரின் கைகளில் நிறம் அழிந்தது. அவருட் பலர் கறுப்பினத்தவர். இரப்பர் கெடாதிருக்கக் கையுறையில் சேர்க்கப்பட்ட ஒரு வேதிப்பொருளே காரணம் என்பது 1939ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் உறவுப் பொருளாகிய ஹைட்ரோகுவினோன் பின்னர் வெண்மைப் பூச்சுகளில் இடம்பெற்றது. தொழிலாளர்க்கு நேர்ந்த ஊறு வணிகர்க்குச் சரக்காயிற்று.

தென்னாப்பிரிக்காவில் இப்பூச்சை நெடுநாள் பயன்படுத்திய பெண்களின் முகம் வெளுப்பதற்கு மாறாக நீலங்கலந்த கருமை அடைந்தது. 1975இல் மருத்துவர் அதனை விளக்கி எழுதினர். 1990இல் அந்நாடு அத்தகைய பூச்சுகளைத் தடைசெய்தது. மங்கு முதலியவற்றுக்கு மருத்துவர் அளவறிந்து, காலம் வரையறுத்துத் தரும்போது ஹைட்ரோகுவினோன் பயனுடைய மருந்தே. கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கிற் பூசும்போதுதான் அது பகையாகிறது.

அதனினும் கொடியது பாதரசம். அதுவும் நிறமியாக்கும் நொதியைத் தடுக்கிறது. சித்த நூல்கள் ‘பூரம்’ என்று கூறும் பாதரச உப்பு, ‘காலமல்’ என்னும் பெயரில் இப்பூச்சுகளில் நெடுங்காலமாகக் கலக்கப்பட்டு வந்தது. பாதரசம் தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவரோடு அது நிற்பதில்லை. தாயின் கையிலிருந்தும் துவாலையிலிருந்தும் தலையணையிலிருந்தும் குழந்தைக்கும் செல்லும். ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956இல் கண்டறியப்பட்ட பாதரச நஞ்சின் பெயராலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்பாடு கண்டன. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென்று அவ்வுடன்பாட்டு நாடுகள் 2023இல் முடிவு செய்தன. எனினும் பெயரில்லாச் சிமிழ்களில் அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவது, ஸ்டீராய்டு. கார்டிசோன் ஆய்வுக்காக 1950இல் மூவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1952இல் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு தோல் நோய்க்குப் பயன்படுமெனக் காட்டப்பட்டது. கரப்பானால் துன்புற்றோர்க்கு அது வரமாக வந்தது. அதனையே முகவெண்மைக்கு மறைவாகக் கலக்கும்போது முதலில் முகம் தெளியும். பின்னர்த் தோல் மெலியும், சிறு குருதி நாளங்கள் வெளித்தெரியும், பருக்கள் எழும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அதனைத் தணிக்க மீண்டும் அதே பூச்சை நாடுவர். விட முடியாத வலையாக அது ஆகிவிடுகிறது.

கத்தியில்லா அழகு மருத்துவம்

அறுவை இல்லாத மருத்துவங்களுள் லேசரும் அமிலப் பூச்சும் இன்று பெருவழக்கில் உள்ளன. முதல் லேசர்க் கருவி 1960இல் அமெரிக்காவில் செய்யப்பட்டது. குறித்த அலைநீள ஒளியைக் குறித்த சிறு நேரம் பாய்ச்சினால், சுற்றியுள்ள தோலுக்கு ஊறின்றி ஓர் இலக்கை மட்டும் அழிக்கலாம் என்னும் கொள்கை 1983இல் வெளியாயிற்று. தேவையற்ற மயிர், பச்சை குத்திய மை, சில மறுக்கள் ஆகியவற்றை நீக்க இக்கொள்கை உதவுகிறது.

ஆனால் மெலனினும் அவ்வொளியை உறிஞ்சும். மாநிறத் தோலில் மெலனின் மிகுதியாதலால், வெண்ணிறத் தோலுக்கு வகுத்த அளவில் ஒளியைப் பாய்ச்சினால் தோல் சுடப்படும். சுட்ட இடம் ஆறும்போது மேலும் கறுக்கும். பருவோ கீறலோ ஆறியபின் தமிழர் தோலில் நெடுநாள் நிற்கும் கருந்தடம் இவ்வகையினதே. எனவே 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளம் உடைய ஒளியே மாநிறத் தோலுக்குப் பெரிதும் ஏற்றது. அமிலப் பூச்சுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மேலோட்டமான அமிலப் பூச்சு பருத்தழும்பின் கருமையைக் குறைக்கலாம். ஆழமானது புதுக் கருமையை விளைக்கலாம். மங்கிற்கு லேசர் முதல் மருத்துவம் அன்று. பல வேளைகளில் அது மங்கை மிகுவிக்கிறது.

மலேசியாவில் அழகியல் மருத்துவம் செய்யும் பொது மருத்துவர், சுகாதார அமைச்சின் தனிச் சான்றுக் கடிதம் பெற்றிருத்தல் வேண்டும். அழகு நிலையத்தார்க்கு ஊசி செலுத்தும் உரிமை இல்லை. நாடுவோர் இவற்றைக் கேட்டறிதல் நன்று. மருத்துவர் மாநிறத் தோலில் பழகியவரா என்பதையும், முதலில் ஒரு சிறிய இடத்திற் சோதித்துப் பார்ப்பாரா என்பதையும் கேட்டல் வேண்டும்.

கடைப்பிடிக்கத்தக்கவை

சிமிழில் உள்ளடக்கப் பட்டியலும் ஆக்கியோன் முகவரியும் இல்லையேல் அதனை வாங்கலாகாது. மலேசியாவில் ஒப்பனைப் பொருளுக்குரிய அறிவிப்பு எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பட்டியலில் ஒப்புநோக்கலாம். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் தீங்குடைய பொருள்களைப் பற்றி அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. ஐயத்துக்குரிய பூச்சை ஏற்கெனவே பயன்படுத்தி வருவோர் சிமிழுடன் மருத்துவரைக் காண்பது நலம். பாதரசம் என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிடல் வேண்டும். ஸ்டீராய்டு எனின் அதனை விடும் முறையை மருத்துவர் கூறுவர்.

காக்கும் முறைகளோ எளியன. வியர்த்த ஆடையை மாற்றுதல், குளித்தபின் மடிப்புகளை ஈரம் போகத் துடைத்தல், வறண்ட தோலுக்கு ஈரங்காக்கும் களிம்பு இடுதல், வெயிலிற் குடையும் வெயிற்காப்புக் களிம்பும் கொள்ளுதல் ஆகிய இவை செலவு குறைந்தவை, தீங்கற்றவை.

வகுப்பில் ஒரு பிள்ளையைக் ‘கறுப்பன்’ என்று மற்றவர் நகையாடும்போது வெண்மைப் பூச்சுக்கு ஒரு வாடிக்கையாளர் உருவாகிறார். அந்நகையை அன்றே தடுத்து, மாமை என்னும் சொல்லின் பொருளை உரைப்பது தமிழாசிரியர்க்கு எளிது. திட்டோ தடிப்போ கண்டால் அதன் பெயரறியுமாறு மருத்துவரிடம் அனுப்புவதும் எளிது. நிறத்துக்கு மருந்து வேண்டா. நோய்க்கு மருந்து உண்டு.